சர்க்யூட் சரி, ஊர்தான் தப்பு

எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் சார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் வகுப்பில் சத்தமே இருக்காது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள் இந்த வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காக ஒரு விளக்கம்: திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் பாடம் நடத்துகிறவர் வேட்டி கட்டியிருந்தாலும் சேலை கட்டியிருந்தாலும் சார்தான்.

சார் கரும்பலகையில் வரையும் சர்க்யூட் படம் அத்தனை அழகாக இருக்கும். பேட்டரிக்கு இரண்டு கோடு, ரெசிஸ்டருக்கு ஒரு நெளிவு, டிரான்சிஸ்டருக்கு ஒரு வட்டம். அதில் எறும்பு இருக்காது. இடவப்பாதி மழை இருக்காது. பக்கத்து வீடு இருக்காது. முக்கியமாக, என் பாட்டி அம்மச்சி இருக்கமாட்டாள். நான் செய்த புராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் இதுதான் நடந்தது. படத்தில் இருந்ததையெல்லாம் ஒழுங்காகப் பற்றவைத்தேன். படத்தில் இல்லாதவை வீட்டில் காத்திருந்தன.

நான் சேர்ந்தது தொழிற்கல்வி மேனிலைப் பிரிவு. கேரளத்தில் 1983-84இல் தொடங்கியது அது. ரேடியோவையும் டிவியையும் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தரும் பாடத்துக்கு முழ நீளத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. அதை ஊரில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. "பையன் என்ன படிக்கான்?" என்று கேட்டால் "ரேடியோவுக்குப் படிக்கான்" என்பாள் அம்மச்சி. ஏதோ ரேடியோவுக்கு உடம்பு சரியில்லாமல், அதற்குப் பதிலாக நான் பள்ளிக்கூடம் போவது மாதிரி இருக்கும்.

சேர்ந்த முதல் வாரமே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து செத்துப்போன டேப்ரெக்கார்டர்கள் எங்கள் சிட்அவுட்டுக்கு வந்து சேர்ந்தன. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால் என்பது வரைக்கும்தான் வகுப்பில் பாடம் நடந்திருந்தது. அதைச் சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? வைத்துவிட்டுப் போனார்கள். சில இன்னும் எங்கள் பரணில் இருக்கின்றன.

புராஜெக்ட் செய்ய உதிரிபாகம் வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் பூகோளம் குறுக்கே வருகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகாவையும் கேட்டுப் போராடினார்கள், கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் வீடு கேரளத்தில், அம்மாவின் தாய்வீடு தமிழ்நாட்டில். மரச்சீனியும் மீன்கறியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பி.சி.548 டிரான்சிஸ்டர் மட்டும் ஒன்றில்லை. அது எங்கே கிடைக்கும் என்பது அந்தந்த வாரத்து அதிர்ஷ்டம்.

எலெக்ட்ரானிக்ஸ் என்றால் கேரளம்தான் என்று சாருக்கு ஒரு பெருமை உண்டு. 1973இல் மாநில அரசு கெல்ட்ரானைத் தொடங்கியதையும், கே.பி.பி. நம்பியார் அதைக் கட்டி எழுப்பியதையும், கண்ணூர் பக்கம் கல்யாச்சேரியில் கெல்ட்ரான் கெப்பாசிட்டர்கள் செய்வதையும் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். நாங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொள்வோம். பிறகு கெப்பாசிட்டர் வாங்க மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு டிவி மெக்கானிக் அண்ணன் மேசையின் இழுப்பறையைத் திறந்து கைவிட்டு அள்ளிப் போடுவார். "வேணும்கிறத பொறுக்கிக்க மக்கா." திருவனந்தபுரம் போனால் கடைக்காரர் தாளில் எழுதிவந்த பட்டியலைக் கேட்பார். அந்தப் பட்டியலில்தான் முதல் வினை வந்தது.

சட்டைப் பையில் இருந்த பட்டியலை அப்பா எடுத்துப் படித்தார். முதல் வரி: '555 - 2'. கல்ஃபிலிருந்து மாமன் வரும்போது வீட்டுக்கு வரும் சாமான்கள் எவை என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்: சென்ட், டார்ச் லைட், தைலம், பெரியவர்களுக்கு மரியாதையாக நீட்ட 555 சிகரெட். அப்பா தாளைப் பிடித்தபடி நடு முற்றத்தில் நின்றார்.

"எப்பம் தொடங்கின இந்தப் பழக்கம்?"

"சார்தான் வாங்கச் சொன்னாங்க."

இதைக் கேட்டதும் அப்பாவின் முகம் போன போக்கை விவரிக்க இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. அம்மச்சிதான் குறுக்கே வந்தாள். "ரெண்டெண்ணம் தானே எழுதியிருக்கான். பாக்கெட்டா கேட்டான்?"

மறுநாள் அந்த 555 என்ற ஐ.சி.யை வாங்கிவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். கறுப்பு உடம்பு, பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஹான்ஸ் கேமன்சிண்ட் என்ற பொறியாளர் 1971இல் வடிவமைத்தது. சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் கடைக்குக் கொண்டுவந்தது. நேரத்தை அளந்து கொடுப்பது அதன் வேலை. விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்க வேண்டுமா, மணி அடிக்க வேண்டுமா, ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து நொடிக்கு மோட்டார் ஓட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பூச்சி போதும். ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் மாற்றினால் நேரம் மாறும். எங்கள் வகுப்பில் பாதிப் புராஜெக்ட்டுகள் 555ஐ வெவ்வேறு அட்டைப்பெட்டியில் ஒளித்து வைத்தவைதான்.

"ஏன் 555?" என்று அப்பா கேட்டார். சந்தேகம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. உள்ளே மூன்று ஐந்து கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால் என்று வகுப்பில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லித் தப்பித்தேன். விற்பனைப் பிரிவில் யாரோ சும்மா தேர்ந்தெடுத்த எண் அது என்று கேமன்சிண்டே பின்னால் சொல்லியிருக்கிறார். அது தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பேனோ.

அடுத்தது, பி.சி.பி. என்ற சர்க்யூட் பலகை செய்யும் படலம். ஒரு பக்கம் செம்புத் தகடு ஒட்டிய பலகை வாங்க வேண்டும். எந்த வழியாகக் கரண்ட் போக வேண்டுமோ அந்தக் கோடுகளை மட்டும் தண்ணீர் புகாத எதையாவது வைத்து வரைய வேண்டும். தங்கையின் கியூட்டெக்ஸ் அதற்கு ரொம்பத் தோதானது. அந்தச் சண்டையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பிறகு பலகையை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் கியூட்டெக்ஸுக்கு வெளியே இருக்கும் செம்பெல்லாம் கரைந்து போகும். சிவப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும்.

இந்தக் கரைசலின் நிறத்தை முன்கூட்டியே யாராவது எச்சரித்திருக்கலாம். ஆழ்ந்த பழுப்பு. கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால் உயர்ந்த ரக பிராந்தி. மார்த்தாண்டத்து மெக்கானிக் அண்ணன் அதை ஊற்றிக் கொடுத்த குப்பியும் முன்னொரு காலத்தில் பிராந்தி இருந்த குப்பிதான். அந்த அளவுக்குப் பொருத்தமான பாத்திரம் அவரிடம் வேறில்லை. உலோகப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரத்தையே தின்றுவிடும் என்பது அவர் நியாயம். மறுக்க முடியாது.

களியக்காவிளை தாண்டி பஸ் கேரளத்துக்குள் வந்ததும் ஒரு சோதனை. அந்தக் காலத்தில் ஸ்பிரிட் கடத்தல் பேச்சு அடிபடாத நாளில்லை. காவலர் ஒருவர் ஏறினார். வரிசையாகப் பைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், பள்ளிச் சீருடையில் இருந்த என் மடியில் குப்பியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எந்தா?"

"ஃபெரிக் குளோரைடு."

"எந்து பிராண்ட்?"

விளக்கினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். துருப்பிடித்த ஆணி வாசனை. கெட்டுப்போன சரக்கு என்றுதான் அவருக்குப் பட்டது. செம்பைத் தின்னும் மருந்து என்று நான் சொன்னதை நம்ப அவர் தயாரில்லை. நிரூபிக்கச் சொன்னார். பையில் செம்புப் பலகையின் துண்டு ஒன்று இருந்தது. பின் சீட்டில் இருந்த மீன்காரப் பெண்மணி ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். அதில் கொஞ்சம் ஊற்றித் துண்டைப் போட்டேன்.

பாடப்புத்தகத்தில் 'செம்பு கரையும்' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள். எவ்வளவு நேரத்தில் என்று போடவில்லை. பஸ் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். டப்பாவைச் சுற்றித் தலைகள். "கரைஞ்சுதா?" "இல்ல." "இப்பம்?" "நிறம் மாறுது மாதிரி இருக்கு." "அது நிழலு." நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கேஸ் இருப்பதாக ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புலம்பினார்; ஆனால் அவரும் டப்பாவை விட்டு நகரவில்லை. தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படிக்கும் சேட்டன் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வெயில்ல வை. ஆட்டிட்டே இரு. சும்மா கெடந்தா நாளைக்கும் கரையாது" என்றார். ஜன்னலோரம் வெயிலில் பிடித்து மெல்ல ஆட்டினேன். சூடும் அசைவும் சேர்ந்தால் வேதிவினை வேகம் பிடிக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான், ஒரு பஸ் முழுக்கச் சாட்சிகளோடு.

ஓரங்கள் முதலில் போயின. பிறகு நடுவில் இருந்த செம்புத் தீவு சிறுத்துச் சிறுத்து மறைந்தது. பஸ்ஸில் கைதட்டல். காவலர் வெறும் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "செம்புக்கே இந்தக் கதின்னா குடிச்சவனுக்கு?" என்று கேட்டுவிட்டு, வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு குப்பியைத் திருப்பித் தந்தார். கைமாறும்போது ஒரு சொட்டு அவர் சட்டையில் விழுந்தது. ஃபெரிக் குளோரைடு கறை எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனால் காக்கியும் அதுவும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் சட்டம் ஒழுங்குக்குக் குந்தகம் வரவில்லை.

கிரிஸ்டல் ரேடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சுருள், ஒரு ஜெர்மேனியம் டயோடு, தென்னை மரத்தில் நீளமாக ஒரு கம்பி, காதில் வைக்கும் இயர்போன். பேட்டரியே வேண்டாம், ஆகாயத்தில் வரும் அலையின் சக்தியிலேயே பாடும். பாடியது. ஆனால் திருவனந்தபுரம் நிலையத்தை மட்டும். வீட்டில் எல்லோருக்கும் நாகர்கோவில் வானொலி கேட்கவேண்டும். 1984இல் தொடங்கிய அந்த நிலையம் எஃப்.எம்.மில் ஒலிபரப்புவது, என் டயோடுக்கு மீடியம் வேவ் மட்டும்தான் புரியும். "மக்ளே, நீ செய்ததுக்குத் தமிழ் வராதா?" என்று அம்மச்சி கேட்டாள். அதிர்வெண் பண்பேற்றம் பற்றி அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். முடிப்பதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மழை அலாரம்தான் என் பெரிய படைப்பு. மழை அலாரம் வைப்பதற்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைத்துத்தான் செய்தேன். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம், இரண்டும் எங்களுக்கு உண்டு. முற்றத்தில் எந்நேரமும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும்: அரிந்த மரச்சீனி, நல்லமிளகு, தேங்காய், கொடியில் ரப்பர் ஷீட். மழை வந்தால் வீடே முற்றத்துக்கு ஓடும்.

செய்முறை எளிது. பலகையில் இரண்டு செம்புச் சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் நுழைந்திருக்கும். மழைத்துளி விழுந்தால் இரண்டு பற்களையும் இணைக்கும். சிறிது கரண்ட் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி பஸ்ஸரை அலறவைக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரி. கூரை ஓட்டில் பலகை, அடுக்களையில் பஸ்ஸர்.

அம்மச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மழை விழுந்த பெறவா ஒச்சை கேக்கும்?"

"ஆமா."

"விழுந்தா எனக்கே தெரியுமே."

அவளுடைய கருவிகள் வேறு. வடகிழக்கே அகத்தியர்கூடத்து உச்சியில் மேகம் கட்டுவது, எறும்பு முட்டையோடு திண்ணையேறுவது, அவளுடைய இடது முட்டு. இவை மூன்றும் ஒத்துப்போனால் முதல் துளிக்கு அரை மணி நேரம் முன்பே மரச்சீனி உள்ளே வந்துவிடும். என் அலாரம் அலறும்போது முற்றம் காலியாக இருக்கும். ஆனாலும் விடாமல் அலறியது. பனி விழுந்த விடியற்காலையில் அலறியது. காகம் ஒன்று செய்ததற்கு அலறியது. அதே சமயம் நாலைந்து நாள் அடைமழை பெய்துகொண்டிருந்தபோது வாயே திறக்கவில்லை. இதற்குக் காரணம் உண்டு. முதல் மழை காற்றிலும் ஓட்டிலும் இருக்கும் தூசியையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கரண்ட் நன்றாகப் பாயும். எல்லாம் கழுவிப்போன பிறகு விழும் துளி கிட்டத்தட்டச் சுத்தமான தண்ணீர். சுத்தமான தண்ணீரில் கரண்ட் மிகக் குறைவாகத்தான் போகும். ஒற்றை டிரான்சிஸ்டருக்கு அது போதாது. ஆகவே என் அலாரத்தின் மேல் பழியில்லை, மழைதான் அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது பலகை பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. ஈரமும் கரண்டும் சேர்ந்தால் செம்பு அப்படித்தான் அரிபடும். பள்ளி அறிவியல் மேளாவுக்கு முந்தின நாள் அம்மச்சி என் மேல் இரக்கப்பட்டு, குத்துவிளக்கு தேய்க்கும் புளியைப் போட்டு அதைத் தேய்த்துத் தங்கமாக்கி வைத்திருந்தாள். புளியில் அமிலமும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. பேட்டரியை இணைத்ததும் அலாரம் தொடங்கியது. கழுவித் துடைத்து உலரும் வரைக்கும் ஓயவில்லை. கிழக்கு வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து கூரையைப் பார்த்தார். வானத்தில் நட்சத்திரம்.

பாறசாலை உபஜில்லா மேளாவுக்கு ஆளெடுப்பதற்கு முன் பள்ளியிலேயே ஒரு வடிகட்டல் நடக்கும். மேசை மேசையாக 555கள் மின்னிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வந்த நடுவர் என் முன் நின்றார். மழைக்குத் தண்ணீர் வேண்டுமே? கெமிஸ்ட்ரி லேபிலிருந்து நண்பன் ஒரு குப்பி கொண்டுவந்தான். சொட்டுச் சொட்டாக விட்டேன். நிசப்தம். இன்னும் விட்டேன். பலகையில் குளமே கட்டியது. குப்பியைத் திருப்பிப் பார்த்தார் நடுவர். காய்ச்சி வடித்த நீர்.

சார் ஒரு வார்த்தை பேசாமல் தன் டிபனைத் திறந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒரு சொட்டு பலகையில் விட்டார். கட்டடமே அதிர அலறியது. நடுவர் தாளில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'ரைஸ் வாட்டர் டிடெக்டர்'. பி கிரேடு.

ஒரு டிரான்சிஸ்டரின் பின்னால் இன்னொன்றைச் சேர்த்தால் நூறு மடங்கு பெருக்கம் நூறின் நூறாகும், காய்ச்சி வடித்த நீருக்கும் கேட்கும் என்று சார் மறுநாள் சொல்லிக்கொடுத்தார். டார்லிங்டன் இணைப்பு. செய்வதற்குள் அலாரத்தை அம்மச்சி எடுத்துக்கொண்டுவிட்டாள். நடுவரின் கண்டுபிடிப்பு அவளுக்கு நியாயமாகப் பட்டது. அடுப்புத் திண்ணையில், கஞ்சி பொங்கி வழிகிற வழியில் பலகையை வைத்தாள். சோறு பொங்கினால் கத்தும். அவள் தொழுவத்தில் நிம்மதியாக இருப்பாள்.

கடைசி வருடம் கைதட்டு சுவிட்ச். ஒரு கண்டன்சர் மைக், அதைப் பெருக்க இரண்டு டிரான்சிஸ்டர், தட்டுகளை எண்ண 4017 என்ற ஐ.சி., பல்பைப் போட ஒரு ரிலே. ஒருமுறை கைதட்டினால் எரியும். மறுமுறை தட்டினால் அணையும். சிட்அவுட் பல்புக்கு வைத்தேன். முதல் தட்டுக்கு எரிந்தது, உடனே அணைந்தது, மறுபடி எரிந்தது, அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. ரிலே மூடும்போது 'டக்' என்று வரும் சத்தத்தையே மைக் இன்னொரு தட்டு என்று எடுத்துக்கொள்கிறது. தன் சத்தத்துக்குத் தானே கைதட்டிக்கொள்ளும் கருவி. சார் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்க்கச் சொன்னார்: ஒரு தட்டு கேட்டதும் அரை நொடிக்குக் காது கேளாது. ஆட்டம் நின்றது.

சர்க்யூட் அளவில் விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் கிழக்கு வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஜெபக்கூட்டம். கைதட்டிப் பாடுவார்கள், நல்ல தாளம். எங்கள் பல்பும் கூடவே ஆராதித்தது. பாட்டு ஒற்றைப்படைத் தட்டில் முடிந்தால் எங்களுக்கு வெளிச்சம், இரட்டைப்படையில் முடிந்தால் இருட்டு. மேற்கே கோயிலில் திருவிழா வந்தபோது நிலைமை முற்றியது. செண்டை மேளத்தின் கடைசிக் காலத்தில் பல்ப் அரை நொடிக்கு ஒருமுறை எரிவதும் அணைவதுமாக இருந்தது.

ரோட்டில் போன யாரோ கரண்ட் ஆபீஸில் புகார் எழுதிவிட்டார்கள்: இன்ன வளவில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. லைன்மேன் வந்தார். போஸ்டில் ஏறினார். கம்பி முறுக்கைப் பார்த்தார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. அம்மச்சி கொடுத்த கட்டன்சாயாவைக் குடிக்கத் திண்ணையில் உட்கார்ந்தவர் இடுக்கியைத் தரையில் போட்டார். பல்ப் எரிந்தது.

அவர் பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்ல ஒரு தடவை கைதட்டினார். அணைந்தது. இன்னொன்று தட்டினார். எரிந்தது. சாயா ஆறிப்போகும் வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத ஃபேனுக்கு வைக்க ஒக்குமா?" என்று கேட்டார்.

என் முதல் வாடிக்கையாளர். அட்வான்ஸாக ஒரு பீங்கான் ஃப்யூஸ் கேரியர் தந்தார். படுக்கையிலிருந்து எழுந்திருக்காமல் ஃபேனைப் போடுவதும் அணைப்பதும் அவருடைய வெகுநாள் ஆசையாம். பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் அவர் மகன் சைக்கிளில் வந்து வாசலில் காலூன்றி நின்றான். அப்பா தும்மினால் ஃபேன் நின்றுவிடுகிறதாம், அடுத்த தும்மலுக்குத்தான் மறுபடி ஓடுகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டுவரச் சொன்னாராம்.

சர்க்யூட்டில் கோளாறு ஒன்றுமில்லை, ஜலதோஷத்துக்கு மருந்து வாங்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.